பித்தளை வளையம் போட்ட பைப்

மாமனார் அந்தப் புகைபிடிக்கிற பைப்பைக் கையில் கொடுக்கவில்லை, வீசினார். சாப்பாட்டு மேசையைத் தாண்டி வந்து அது மெக்கானிக்கின் புருவத்தில் பட்டு, தரையில் விழுந்து, நாற்காலிக்கு அடியில் உருண்டது. "உன் பொம்மைக் கடையில இதையும் சேத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிழவர் கைத்தடியை ஊன்றித் தன் அறைக்குப் போனார். உண்மையில் அது அவர் மருமகனுக்குக் கொடுத்த அன்பளிப்பு. பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்திருக்கிறது. இவனுக்குப் பிடிக்குமே என்று நினைத்திருக்கிறார். அவருக்குக் கொடுப்பதும் அடிப்பதும் ஒரே கையசைவுதான்.

மெக்கானிக்கின் மனைவி பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள், ரத்தத்தைப் பார்த்துப் பதறுகிற ஆள் இல்லை. புருவத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, "அப்பாவுக்குக் கை முந்திடும். மனசுல ஒண்ணும் கிடையாது" என்றாள். அதை அவள் வேறு வேறு காயங்களுக்கு வேறு வேறு தடவை சொல்லியிருக்கிறாள். மெக்கானிக்கும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டியிருக்கிறான்.

மாமனார் சிறைச்சாலையில் தலைமை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றிருந்தது, கை இன்னும் பணியில் இருந்தது. மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் ஹாலில் இருந்த ஒரே நல்ல நாற்காலி அவருடையதாயிற்று. அவரிடம் பால் கொண்டுவருகிறவர் அடி வாங்கியிருக்கிறார், மாடி வீட்டு டிரைவர் வாங்கியிருக்கிறார், தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர் குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். மருமகன் வாங்கியதற்குக் கணக்கு இல்லை. டீயில் சர்க்கரை குறைந்தால் முதுகில் ஒன்று, செய்தித்தாள் கசங்கியிருந்தால் தலையில் ஒன்று. பெற்ற மகளை மட்டும் அவர் ஒருநாளும் தொட்டதில்லை. சின்ன வயதில்கூட ஓர் அதட்டல் கிடையாது. அதனாலேயே அவளுக்கு மற்றவர்கள் வாங்கிய அடியெல்லாம் அடியாகத் தெரியவில்லை, அப்பாவின் சுபாவமாகத் தெரிந்தது.

மெக்கானிக் ஒல்லியான மனிதன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுதுபார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தால் பழைய பைப்புகளைச் சீர்செய்வான். புகைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. "குடிக்காதவன் கள்ளுக்கடை வச்ச மாதிரி" என்று அவன் மனைவி கேலி பேசுவாள். பழைய சாமான் சந்தையில் உடைந்ததும் கருகியதுமாக வாங்கி வருவான். பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கழித்துக்கட்டிய தையல் மெஷின் மோட்டார் ஒன்றில் துணிச்சக்கரம் மாட்டி வைத்திருந்தான், மெருகேற்ற. அங்கே உட்கார்ந்துவிட்டால் உள்ளே கிழவர் போடுகிற சத்தம் காதில் விழாது.

நாற்காலிக்கு அடியிலிருந்து பைப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, அடிபட்ட புருவம் மறந்துபோயிற்று. வேர்க்கட்டையில் கடைந்த நல்ல பைப். புகையிலை அடைக்கிற கிண்ணத்தின் உள்ளே கரி கெட்டியாகப் படிந்து சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. விளிம்பு நசுங்கியிருந்தது. வாயில் வைக்கிற தண்டு கெட்டி ரப்பர், வெளுத்துப் பச்சையும் மஞ்சளுமாக ஆகியிருந்தது. அதன் நுனியில் இடப்பக்கம் மட்டும் பல் பட்டுப் பட்டு ஓட்டையே விழுந்திருந்தது. கிண்ணத்தையும் தண்டையும் சேர்க்கிற கழுத்தில் நீளவாட்டில் ஒரு வெடிப்பு. வெடிப்பு மேலும் விரியாமல் இருக்க யாரோ ஒரு பித்தளை வளையம் போட்டிருந்தார்கள். கடையில் வாங்கிய வளையம் இல்லை. தண்ணீர்க் குழாய் இணைப்பிலிருந்து அறுத்து, அரத்தால் ராவி, கையால் செய்தது. செய்தவனுக்கு உலோகம் பழக்கம் என்று மெக்கானிக் கண்டதும் புரிந்துகொண்டான்.

கரியை மழுங்கிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினான். அவசரப்பட்டால் மரம் சேர்ந்து வரும். கிண்ணத்தில் கல்லுப்பை நிரப்பி ஸ்பிரிட் ஊற்றி வைத்தான். மறுநாள் உப்பு காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பஞ்சு சுற்றிய கம்பியைக் கழுத்துக்குள் விட்டு விட்டு எடுத்தான், பஞ்சு வெள்ளையாகத் திரும்பி வரும்வரை. நசுங்கிய விளிம்பில் ஈரத்துணி போட்டு அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்தபோது, ஆவி ஏறி மரம் மெல்ல உப்பி மேலே வந்தது. தண்டில் இருந்த ஓட்டையைக் கரித்தூளும் பசையும் குழைத்து அடைத்தான். பிறகு வளையத்தை மெதுவாகக் கழற்றி, வெடிப்புக்குள் பசையை ஊசியால் இறக்கினான். கழற்றிய வளையத்தின் உள்பக்கத்தில் அரத்தால் போட்ட மூன்று வெட்டுகள் இருந்தன. செய்தவனின் அடையாளம்போலும் என்று நினைத்துக்கொண்டு அதைத் திரும்ப மாட்டினான்.

மெருகேறி வந்த பைப்பை மாமனார் சாப்பாட்டு மேசையில் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. இது கிடைத்த கதையைத் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். துறைமுக வேலைநிறுத்தத்தில் பிடிபட்டு வந்தவர்களில் ஒருவனுடையதாம். டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று முற்றத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பானாம். வார்டர் நடந்து போனாலும் எழுந்திருக்க மாட்டானாம்.

"குடுடான்னேன். சிரிச்சான்" என்றார் கிழவர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "வாயில இருக்கும்போதே லத்தியால ஒண்ணு வச்சேன். பைப்பும் வந்துச்சு, பல்லும் வந்துச்சு. அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னானுங்க."

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது இதெல்லாம் வேண்டாமே என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மெக்கானிக் அந்தத் தண்டைப் பார்த்தான். தான் நாள் கணக்காகத் தேய்த்து அடைத்த பல் தடங்களைப் பார்த்தான். கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

பழைய பைப்புகளைச் சீர்செய்கிறவர்களின் குழு ஒன்று அவன் கைப்பேசியில் இருந்தது. வழக்கம்போல முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து அதில் போட்டிருந்தான். பாராட்டுகள் வந்தன. சில நாள் கழித்துக் குழுவில் இல்லாத ஒரு பெண்ணிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. யாரோ படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. 'அந்த வளையத்துக்கு உள்ளே மூன்று வெட்டு இருக்கிறதா?' என்று ஒரே வரி.

படத்தில் வளையத்தின் உள்பக்கம் தெரியாது. செய்தவனுக்கோ, செய்யும்போது பக்கத்தில் இருந்தவர்களுக்கோதான் தெரியும். மெக்கானிக் இல்லை என்று எழுதியிருக்கலாம். எழுதாமலே விட்டிருக்கலாம். இருக்கிறது என்று எழுதினான். வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். விலாசம் கொடுத்தான், மாமனார் சிறையில் வார்டராக இருந்தபோது அவர் கைக்கு வந்தது இது என்பதையும் எழுதினான். மனைவியிடம் பைப் பிரியர் ஒருவர் வருகிறார் என்றான். மாமனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிழவர் ஒரே ஒரு தடவை யார் முன்னாலாவது தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

விடுமுறை நாளின் மத்தியானத்தில் அவள் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண், இறைச்சிச் சந்தையில் கசாப்புக்காரி. முழங்கைக்குக் கீழே ஆண்களைப்போல நரம்பு புடைத்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, தோள் பையோடு உள்ளே வந்து, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமனார் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பைப்பைக் கொண்டுவந்து வைத்தான். அவள் வளையத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு பைப்பை வாயின் இடப்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அவளுடைய அப்பா கப்பல் பட்டறையில் கொதிகலன் ஃபிட்டர். வெடித்த பைப்புக்கு அவர் வளையம் ராவியபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். சிறையிலிருந்து வந்த பிறகு அவரால் எதையும் மென்று தின்ன முடியவில்லை. சாகும்வரை எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுத்தார்கள். இதையெல்லாம் அவள் அழாமல், சந்தையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"எங்கப்பா நல்லவர்னு சொல்ல வரல தம்பி" என்றாள். "குடிச்சுட்டு வந்தா இதே பைப்பால எங்க மண்டையில நங்குன்னு வைப்பாரு. இருந்தாலும் இது எங்க வீட்டுது. இன்னொருத்தன் பெட்டியில இருக்கக் கூடாது."

மெக்கானிக்கின் மனைவி டீக் கோப்பையோடு வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கோப்பையை வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா என்றாள். அந்த நேரத்தில் மாமனாரின் அறைக் கதவு திறந்தது.

தூக்கக் கலக்கத்தோடு வந்தவர், முதலில் பார்த்தது அந்நியப் பெண்ணின் கையில் இருந்த பைப்பை. என் சாமானை யார் கையில் கொடுத்திருக்கிறாய் என்று மருமகனிடம் கேட்டார். கசாப்புக்காரி எழுந்து நின்றாள். மரியாதையாகத்தான் எழுந்தாள். இது தன் அப்பாவுடையது என்று சொல்லி, அப்போது வார்டராக இருந்தவர் நீங்கள்தானே என்று கேட்டாள்.

"எந்த அப்பன்?" என்றார் கிழவர். "எத்தனையோ பேரு வாயை உடைச்சிருக்கேன். மூஞ்சியெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியுமா?"

"ஞாபகம் வேணாம். இதை எடுத்துட்டுப் போறேன்."

கைத்தடியின் நுனியில் இரும்புப் பூண் உண்டு. அது அவள் மணிக்கட்டில் இறங்கியது. பைப் கையிலிருந்து நழுவிக் குளிர்பெட்டிக்கு அடியில் ஓடியது. அவள் கத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்த முதுகில் இன்னொன்று விழுந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது தடியின் நுனியை அவள் மறுகையால் பிடித்துக்கொண்டாள். கிழவர் இழுத்தார். அவள் விடவில்லை. வயதுக்கு மீறிய பலம் அவருக்கு. மேசை நகர்ந்தது, கோப்பை விழுந்து உடைந்தது. மகள் இருவருக்கும் நடுவே போய், அப்பா விடுங்க, விடுங்கப்பா என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

தடியைப் பிடுங்கிக்கொண்ட வேகத்தில், அதன் கைப்பிடியைத் திருப்பி அவர் மகளின் காதோடு சேர்த்து அடித்தார். கை தவறிப் பட்ட அடி இல்லை. பார்த்து, குறிவைத்து அடித்தார். அவள் குளிர்பெட்டியில் மோதிச் சரிந்து, உடைந்த கோப்பைச் சில்லுகளின் மேல் உட்கார்ந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. வலியைவிட ஆச்சரியம்தான் அவள் முகத்தில் இருந்தது. அப்பாவை முதன்முதலாகப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"குறுக்க வந்தா அப்படித்தான்" என்றார் கிழவர்.

மெக்கானிக் எப்படி மேசையைச் சுற்றி வந்தான் என்பது அவனுக்கே பிறகு நினைவில் இல்லை. தடி அவன் கைக்கு வந்திருந்தது. முதல் அடி கிழவரின் வலது மணிக்கட்டில். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அடுத்தது இடது தோளில். அவர் விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தான். அவன் நாளெல்லாம் பார்க்கிற மெஷின்களில் ஊசி ஏறி இறங்குவதுபோலக் கை ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு அடியும் அதே இடைவெளியில், அதே கனத்தில் விழுந்தது. கிழவர் முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு மகளைக் கூப்பிட்டார். பிறகு வெறும் மூச்சுச் சத்தம்தான் வந்தது. மெக்கானிக் முதுகில் அடித்தான், விலாவில் அடித்தான், முகத்தை மூடிய கையின்மேல் அடித்தான். தடி வழுக்கியபோது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் நெஞ்சைச் சுற்றி வளைத்தன. ஒரு கை ஏற்கெனவே வீங்கியிருந்தது. கசாப்புக்காரி அவனைத் தரையிலிருந்து அப்படியே தூக்கிச் சுவரோரம் கொண்டுபோனாள்.

"போதும் தம்பி. செத்துருவாரு. போதும்" என்று அவன் காதுக்குள் சொன்னாள். "உங்க சம்சாரத்தைப் பாருங்க."

இருவரையும் ஒரே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மனைவி வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்கு. அவளுக்குச் செவிப்பறை கிழிந்திருந்தது. அந்தக் காதில் இனிப் பழையபடி கேட்காது என்றார்கள். கிழவருக்கு வலது மணிக்கட்டும் இடது காறை எலும்பும் உடைந்திருந்தன, விலாவிலும் முறிவு. போலீஸ்காரர் ஒருவர் வந்து படுக்கையருகே நாற்காலி போட்டுக்கொண்டு, யார் அடித்தது என்று கேட்டார். மெக்கானிக் கதவருகே நின்றுகொண்டிருந்தான். எது கேட்டாலும் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றார் கிழவர்.

போலீஸ்காரர் போர்வையை விலக்கி முதுகில் இருந்த வரிகளைப் பார்த்தார். "பெரிய பாத்ரூம் போல" என்றார். கிழவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவனிடம் அடிவாங்கினார் என்று ஒரு தாளில் ஏறுவதைவிட அவர் செத்தே போயிருப்பார். மகளிடம் கேட்டார்கள். அவள் கட்டுப்போட்ட காதைக் காட்டி, சரியாகக் கேட்கவில்லை என்றாள். கசாப்புக்காரியைத் தேடி யாரும் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி அவனோடு பேசவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்து படுத்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தாமலே பேசினாள்.

"அடிச்சதை நான் கேக்கல. நிறுத்தத் தெரியலையே உங்களுக்கு. அதைத்தான் பாத்துட்டு இருந்தேன். அவங்க வந்து புடிக்கலைன்னா?"

அவன் மெல்ல மன்னிப்புக் கேட்டான். அவளுடைய நல்ல காது மறுபக்கம் இருந்தது. அவன் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இனி ஒரு கை ஓங்கினால், அது யார் கையாக இருந்தாலும், தான் இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து பைப்பைத் துடைப்பக்குச்சியால் வெளியே எடுத்தான். வளையம் கழன்றிருந்தது, விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. அவன் பசை இறக்கிய வெடிப்பு மட்டும் தாங்கியிருந்தது. வளையத்தை மாட்டினான், விளிம்பைத் தொடவில்லை. மெருகேற்ற மோட்டாரைப் போடவும் மனம் வரவில்லை. துணியில் சுற்றிக்கொண்டு இறைச்சிச் சந்தைக்குப் போனான்.

கசாப்புக்காரியின் கையில் மாவுக்கட்டு இருந்தது. மறுகையால் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது, வாங்க வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பைப்பை வாங்கி, ஒருமுறை பார்த்துவிட்டு, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் மனைவியின் காதைப் பற்றிக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் கத்தியைத் துடைத்துக் கட்டையில் வைத்தாள்.

"அன்னைக்கு என் பையில கத்தி இருந்துச்சு" என்றாள். "குத்திட்டுத்தான் போகணும்னு வந்தேன். பஸ்ல வரும்போதுகூட முடிவு மாறல."

அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்டான்.

"அவரை அடிக்கறப்ப உங்க முகத்தைப் பாத்தேன்ல. அதுக்கப்புறம் அந்தப் பை பக்கமே போகத் தோணல."

அடுத்த ஆள் எலும்பில்லாமல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். அவள் கத்தியை எடுத்தாள். மெக்கானிக் வழிவிட்டு நகர்ந்தான்.

கிழவரை வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள், வேறு போக்கிடம் இல்லை. ஒரு கையில் மாவுக்கட்டு, இன்னொரு கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மகள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். மருமகனுக்குப் பிற்பகல் ஷிப்ட். காலையில் ஊட்டிவிடுகிற வேலை அவனுக்கு வந்தது.

முதல் நாள் அவன் சூப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து ஸ்பூனை உயர்த்தியபோது, கிழவர் கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் தானாகவே காதுவரை ஏறியது. சிறையையே எழுந்து நிற்க வைத்த ஆள் ஒரு ஸ்பூனுக்குச் சுருண்டார். அதைப் பார்த்தபோது அவனுக்குள் தித்திப்பாக ஏதோ பரவியது. அவ்வளவு வருஷ அடிக்கும் சேர்த்துக் கிடைத்த கூலிபோல இருந்தது. இன்னொரு தடவை ஸ்பூனைச் சட்டென்று உயர்த்திப் பார்த்தான். கிழவர் இன்னொரு தடவை சுருண்டார்.

அன்று தொழிற்சாலையில் அவனால் ஒரு மெஷினையும் சரியாகப் பூட்ட முடியவில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். நிறுத்தத் தெரியலையே என்று மனைவி கேட்டதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். கிழவர் பார்க்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு, ஸ்பூனை மிக மெதுவாக நீட்டினான். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, நான் அடிக்க மாட்டேன்" என்றான்.

கிழவர் நம்பவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு அடிக்கிற ஆளாக அவரே இருந்திருக்கிறார். உதடு இறுகியே இருந்தது. மெக்கானிக் கையை எடுக்கவில்லை. முழங்கை வலித்தது, சூப் ஆடை படிந்து ஆறிப்போயிற்று. வெகுநேரம் கழித்துக் கிழவர் வாயைத் திறந்தார், கண்ணைத் திறக்காமலே.